நகல் மசில் காரைப் போட்டிக் கண்காட்சியில் நிறுத்துவது எப்படி

பெரிய, சக்திவாய்ந்த எஞ்சின் கொண்ட 1960, 70களின் அமெரிக்கக் கார்களையே மசில் கார் என்கிறோம். அத்தகைய கார்களைச் செய்த பான்டியாக் நிறுவனம் 1968 டிசம்பரில் அறிமுகப்படுத்திய ‘ஜட்ஜ்’ ஒரு தனி மாடல் அன்று. 1969ஆம் ஆண்டின் ஜிடிஓ காருக்கு, டபிள்யூடி1 என்ற குறியீட்டின் கீழ், கூடுதல் பணம் கட்டியவர்களுக்குக் கிடைத்த உபரி அம்சங்களின் தொகுப்பு அது. ராம் ஏர் 3 எஞ்சின், டிக்கியின் மேல் ஒரு ஸ்பாய்லர், பக்கவாட்டில் பல வண்ணப் பட்டைகள், கறுப்புப் பூசிய கிரில், ரேலி 2 சக்கரங்கள், ‘தி ஜட்ஜ்’ என்ற எழுத்து ஸ்டிக்கர்கள் ஆகியவையே அதன் சாரம். அந்த ஆண்டில் 70,000க்கும் மேற்பட்ட ஜிடிஓ கார்கள் தயாராயின. அவற்றுள் ஜட்ஜ் 6,833 மட்டுமே, அதிலும் கன்வர்டிபிள் 108தான். மாற்றுவதற்கு வேண்டிய உதிரிபாகங்கள் ஏறத்தாழ அனைத்தும் இன்றும் புதிதாகவே விற்கப்படுவதால், சாதாரண ஜிடிஓ ஒன்றையோ, அதன் எளிய உறவான லீமான்ஸ் ஒன்றையோ ஜட்ஜாக மாற்றுவது நல்ல ஒர்க்‌ஷாப்புக்கு இயலாத காரியம் அன்று. அப்படி மாற்றப்பட்ட கார் உங்களிடம் இருந்து, அதை நடுவர்கள் புள்ளியிட்டு மதிப்பிடும் அமெரிக்கக் கண்காட்சி ஒன்றில் நிறுத்த விரும்பினால், என்ன செய்ய வேண்டும் என்பதையே இங்கே விளக்குகிறேன். (காரின் பெயரே ஜட்ஜ் என்பதால், புள்ளியிடுபவர்களை நடுவர் என்றே கடைசி வரை குறிப்பிடுகிறேன்.)

தமிழில் நகல் வேறு, போலி வேறு. சான்றிதழின் நகலைக் கொடுப்பவர் அதை நகல் என்று சொல்லியே கொடுக்கிறார். போலிச் சான்றிதழ் கொடுப்பவர் அசல் என்று சொல்லிக் கொடுக்கிறார். தாள் ஒன்றுபோலவே இருக்கலாம், சொல்லும் வாக்கில்தான் வேறுபாடு. கண்காட்சித் திடலிலும் இதே கணக்குதான். நடுவர் உங்கள் காரை ஏதோ ஒரு பொதுவான அழகோடு ஒப்பிடுவதில்லை. அதைப் பற்றி நீங்கள் படிவத்தில் எழுதியதோடு ஒப்பிடுகிறார். ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது பெயின்டையோ சக்கரத்தையோ அன்று, இந்தக் கார் என்னவென்று எழுதப் போகிறீர்கள் என்பதைத்தான். ‘1969 ஜிடிஓ ஜட்ஜ்’ என்று எழுதினால், தொழிற்சாலையிலிருந்து அப்படியே வந்ததற்கான சான்றைக் காட்டும் பொறுப்பு உங்களுடையதாகிறது. ‘1969 ஜிடிஓ, ஜட்ஜ் ட்ரிப்யூட்’ என்று எழுதினால், நடுவர் வேலைப்பாட்டைப் பார்க்கத் தொடங்குகிறார். குளோன், ட்ரிப்யூட், ரெப்ளிகா, ரீகிரியேஷன் என்ற நான்கு சொற்களும் அங்கே புழங்குகின்றன. குளோன் என்பது சற்றே கரடுமுரடாகவும் ட்ரிப்யூட் என்பது சற்றே மரியாதையாகவும் ஒலிக்கும் என்பதைத் தவிர இரண்டுக்கும் பெரிய பொருள் வேறுபாடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எதை எழுதினாலும் பதிவுப் படிவத்திலும், காரின் முன் வைக்கும் அட்டையிலும், கேட்பவருக்குச் சொல்லும் வாய்மொழியிலும் அதே சொல் இருக்கட்டும்.

மறைத்துவிடலாம் என்ற எண்ணம் யாருக்காவது இருந்தால், அது எவ்வளவு எளிதில் உடையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1969 பான்டியாக் காரின் வின் எண் (ஒவ்வொரு காருக்கும் உரிய அடையாள எண்) டாஷ்போர்டின் ஓட்டுநர் பக்க மேல்முனையில், முன்கண்ணாடி வழியாகவே படிக்கும்படி இருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் 242 என்றிருந்தால் அது ஜிடிஓ. 237 என்றிருந்தால் லீமான்ஸ். 235 என்றால் கஸ்டம் எஸ். 233 என்றால் டெம்பெஸ்ட். லீமான்ஸிலிருந்து வந்த நகலை நடுவர் கதவைத் திறக்காமலே அறிந்துவிடுவார். 242 என்று தொடங்கும் காரில் வின் எண் ஜட்ஜைப் பற்றி எதுவும் சொல்லாது என்பது உண்மைதான். ஆனால் பான்டியாக்கின் பழைய தொழிற்சாலை விலைப்பட்டியல் பதிவுகள் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனத்திடம் உள்ளன. வின் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால் அந்தக் குறிப்பிட்ட காரில் என்னென்ன அம்சங்கள் சேர்க்கப்பட்டிருந்தன என்பது தாளில் வந்துவிடும். டபிள்யூடி1 அதில் இல்லையென்றால் விவாதத்துக்கு இடமே இல்லை.

மற்ற கார்களில் இந்தச் சோதனை வெவ்வேறு விதமாக அமைகிறது. 1970 ப்ளைமவுத் குடாவில் வின் எண்ணின் ஐந்தாவது இடத்தில் ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால்தான் அது 426 ஹெமி எஞ்சினோடு பிறந்த கார். ஃபோர்டு கார்களிலும் ஐந்தாவது இடமே எஞ்சினைச் சொல்கிறது. மேலும் 1967 முதலான ஃபோர்டுகளுக்கு தொழிற்சாலைப் பதிவிலிருந்து எடுத்த மார்ட்டி ரிப்போர்ட் என்னும் ஆவணம் கிடைக்கிறது. நகல் எடுப்பவர்களுக்கு அதிகம் இடம் கொடுப்பது செவ்ரலேதான். அதன் 1969 கமாரோவில் இசட்/28 என்ற வேகத் தொகுப்பு இருப்பதை வின் எண் காட்டாது. அமெரிக்காவில் விற்ற கார்களுக்கு பான்டியாக்குக்கு இருப்பதுபோன்ற பதிவுக் களஞ்சியமும் இல்லை. பில்ட் ஷீட் எனும் தொழிற்சாலைத் தயாரிப்புத் தாள், வாரண்டிக்காகக் கொடுத்த உலோகத் தகடு போன்ற சொந்தக்காரர் கைக் காகிதங்களையே நம்ப வேண்டியிருக்கிறது. அதனால்தான் அந்தக் காரின் நடுவர்கள் இயல்பாகவே அதிகச் சந்தேகத்தோடு வருகிறார்கள்.

வின் தகட்டைத் தொடவே கூடாது. அதை மாற்றுவதும் அழிப்பதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எஞ்சின் பிளாக்கின் முகப்பில் உள்ள எண்களைத் தேய்த்துவிட்டுப் புதிய எண்களைப் பொறிப்பதும், வண்ணக் குறியீடு கொண்ட பாடித் தகட்டைப் புதிதாக அச்சடித்து வாங்கிப் பொருத்துவதும் கண்காட்சி வட்டாரத்தில் எளிதில் மறக்கப்படாதவை. முந்தைய சொந்தக்காரர் அப்படிச் செய்திருக்கக்கூடும் என்ற ஐயம் உங்களுக்கு இருந்தால், அதையும் படிவத்திலேயே எழுதிவிடுவதே நல்லது.

அடுத்தது எந்தக் கண்காட்சி என்ற கேள்வி. தொழிற்சாலைத் தரத்தையே அளவுகோலாகக் கொண்ட கண்காட்சிகள் ஒரு வகை. 1935இல் தொடங்கிய ஆன்டிக் ஆட்டோமொபைல் கிளப் ஆஃப் அமெரிக்கா 400 புள்ளிக் கணக்கில் மதிப்பிடுகிறது; டீலர் அந்தக் காரை வாடிக்கையாளரிடம் ஒப்படைத்திருக்கக்கூடிய நிலையே அதன் இலக்கணம். 1974இல் தொடங்கிய நேஷனல் கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டியில் 94 சதவீதமும் அதற்கு மேலும் பெறும் கார்களுக்கு டாப் ஃப்ளைட் விருது உண்டு. அங்கே பக்கத்துக் காரோடு போட்டி கிடையாது, தரத்தோடு மட்டுமே போட்டி. ஆண்டுதோறும் நவம்பரில் இல்லினாய் மாநிலத்தின் ரோஸ்மாண்டில் நடக்கும் மசில் கார் அண்ட் கார்வெட் நேஷனல்ஸ், மசில் கார்களுக்கென்றே அமைந்த பெரிய கூடுகை. இத்தகைய இடங்களின் மேல்தட்டுப் பிரிவுகளில் நகலுக்கு இடம் தேடுவது பெரும்பாலும் வீண் முயற்சி. வெளியேற்றப்படுவதைவிடப் பெரிய இழப்பு, அந்த நாளில் உங்கள் வேலைப்பாட்டைப் பற்றி எதையும் கற்றுக்கொள்ளாமல் திரும்புவதுதான்.

இன்னொரு வகை, வேலைப்பாட்டையும் நிலையையும் மதிப்பிடுபவை. 1953 முதல் நடந்துவரும் டெட்ராய்ட் ஆட்டோராமா போன்ற உள்ளரங்கக் கண்காட்சிகளும், ஊர்தோறும் கோடையில் தேவாலய மைதானங்களிலும் பள்ளி வளாகங்களிலும் நடக்கும் 100 புள்ளிக் கண்காட்சிகளும் இதில் அடங்கும். ஆட்டோராமாவில் 1964 முதல் தரப்படும் ரிட்லர் விருதைப் பற்றி நண்பர்கள் பேசினால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அது இதற்குமுன் எங்கும் காட்டப்படாத, பெரும் பொருட்செலவில் புதிதாக உருவாக்கப்பட்ட கார்களின் உலகம். நகல் ஜட்ஜுக்குப் பொருத்தமான தொடக்கம் ஊர்க் கண்காட்சியின் மசில் கார் பிரிவு. அதில் ஓரிரு முறை நின்ற பிறகு பிராண்டு கிளப்புகளின் மண்டலக் கூட்டத்துக்குப் போகலாம். பார்வையாளர்களின் வாக்கில் பரிசு தரும் கண்காட்சிகள் பொழுதுபோக்குக்கு நல்லவை, பயிற்சிக்கு உதவாதவை.

எந்தக் கிளப்பானாலும் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தை முழுமையாகப் படியுங்கள். நகல்களுக்குச் சில இடங்களில் தனிப் பிரிவு இருக்கும், சில இடங்களில் மாற்றியமைத்த கார்களின் பிரிவில் சேர்ப்பார்கள், சில இடங்களில் மதிப்பீடின்றிக் காட்சிக்கு மட்டும் அனுமதிப்பார்கள். விதி தெளிவாக இல்லாவிட்டால், பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே தலைமை நடுவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். வின் எண் எதில் தொடங்குகிறது, எஞ்சின் எந்த ஆண்டினது, தொழிற்சாலை அமைப்பிலிருந்து எவை விலகியுள்ளன என்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்லி, எந்தப் பிரிவில் சேர வேண்டும் என்று கேளுங்கள். வரும் பதிலை அச்செடுத்துக் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். திடலின் வாசலில் வண்டிகளை வரிசைப்படுத்தும் தன்னார்வலருக்கு இந்தக் கடிதப் போக்குவரத்து எதுவும் தெரிந்திருக்காது.

கிட் கார் (பாகங்களாக வாங்கி அசெம்பிள் செய்யும் கார்) வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. ஷெல்பி கோப்ரா அசலாகத் தயாரானது சுமார் ஆயிரம் கார்களே என்பதால், திடலில் நிற்கும் கோப்ராவை யாரும் அசல் என்று எதிர்பார்ப்பதே இல்லை. மாசசூசெட்ஸின் ஃபேக்டரி ஃபைவ், தென்னாப்பிரிக்காவில் உருவாகும் சூப்பர்ஃபார்மன்ஸ் ஆகியவற்றின் கார்கள் தம் சொந்தப் பெயரிலேயே மதிக்கப்படுகின்றன. ஆகவே தயாரித்த நிறுவனத்தின் பெயரையும் மாடலையுமே படிவத்தில் எழுதுங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள ஆண்டும் படிவத்தில் எழுதும் ஆண்டும் ஒன்றாக இருக்கிறதா என்பதைப் பாருங்கள். வீட்டில் அசெம்பிள் செய்த கார்களை ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாகப் பதிவு செய்வதால் இதில்தான் குழப்பம் அதிகம் நேர்கிறது.

பிரிவு முடிவான பிறகே காரில் கை வைக்க வேண்டும், ஏனெனில் அதே பாகம் ஒரு பிரிவில் புள்ளியைப் பெற்றுத் தரும், மற்றொன்றில் இழக்கச் செய்யும். தொழிற்சாலைத் தோற்றத்தை நோக்கிய நகல் பிரிவு என்றால், ஜட்ஜ் எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும், அதைவிட அழகாக அன்று. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ரேலி 2 சக்கரங்கள். சாதாரண ஜிடிஓவில் அந்தச் சக்கரங்களின் விளிம்பில் பளபளக்கும் ட்ரிம் வளையம் உண்டு. ஜட்ஜில் அது கிடையாது. வளையத்தோடு பார்க்கக் கார் எடுப்பாகத்தான் இருக்கும், ஆனால் பான்டியாக் அறிந்த நடுவர் பத்தடி தூரத்திலேயே எழுதுகோலை எடுத்துவிடுவார். டயரும் அப்படியே. அன்று வந்தவை ஜி70-14 அளவிலான பயஸ் பெல்ட்டட் என்ற பழைய வகை டயர்கள். அவற்றின் மறுதயாரிப்புகள் கிடைக்கின்றன. நெடுஞ்சாலையில் ரேடியல் டயரே பாதுகாப்பானது என்பதால், பலர் கண்காட்சிக்கென்று ஒரு தொகுதிச் சக்கரங்களைத் தனியே வைத்திருந்து திடலில் மாற்றிக்கொள்கிறார்கள். இரண்டாம் தொகுதி எங்கே வைப்பது என்று வீட்டில் எழும் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பானட்டின் கீழ் கவனிக்க வேண்டியவை ஏராளம். பான்டியாக் எஞ்சினின் நிறம் உலோகச் சாயல் கொண்ட வெளிர்நீலம். செவ்ரலே எஞ்சினுக்குரிய ஆரஞ்சு நிறம் அங்கே தெரிந்தால் மற்ற எதையும் பார்க்காமலே மதிப்பு குறைகிறது. ரேடியேட்டர் குழாய்களில் இன்று கடையில் கிடைக்கும் திருகு வகை ஹோஸ் கிளிப் இருக்கக் கூடாது, அக்கால ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்குரிய கோபுர வடிவக் கிளிப்பே வேண்டும். ஸ்பார்க் பிளக் வயர்களின் மேல் தயாரிப்புக் காலாண்டு அச்சிடப்பட்டிருக்கும்; மறுதயாரிப்பு வயர் வாங்கும்போதே உங்கள் காரின் தயாரிப்பு மாதத்துக்கு முந்தைய காலாண்டைக் கேட்டு வாங்கலாம். எஞ்சின் பிளாக்கின் பின்பகுதியில், டிஸ்ட்ரிபியூட்டர் அருகே வார்ப்புத் தேதி இருக்கும். மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம் என்பது முறை. ‘கே’ என்ற எழுத்தோடு 15, 8 என்றிருந்தால் அது 1968 நவம்பர் 15 அன்று வார்த்தது. 1969 மார்ச்சில் தயாரான காரில் 1969 ஜூலையில் வார்த்த எஞ்சின் இருந்தால், அது பிறகு வந்தது என்பது யாருக்கும் தெரியும். நகல் பிரிவில் அதற்காக யாரும் தண்டிப்பதில்லை, அதை நீங்கள் அசல் எஞ்சின் என்று சொல்லாத வரை. ஜட்ஜின் ராம் ஏர் 3 எஞ்சின் 400 கன அங்குலமும் 366 குதிரைத்திறனும் கொண்டது. உங்கள் காரில் இருப்பது பிற்கால 455 என்றால், தொழிற்சாலைத் தோற்றப் பிரிவை விட்டுவிட்டு மாற்றியமைத்த கார்களின் பிரிவுக்குப் போவதே நேர்மையும் புத்திசாலித்தனமும் ஆகும்.

நகலுக்கென்றே உரிய ஒரு பலவீனம் பழைய நிறம். ஜட்ஜ் என்றாலே நினைவுக்கு வரும் காரோசல் ரெட், பெயர் சிவப்பென்றாலும் கண்ணுக்கு ஆரஞ்சுதான். பச்சையாகவோ தங்க நிறமாகவோ பிறந்த காரை அந்த நிறத்துக்கு மாற்றியிருந்தால், டாஷ்போர்டின் அடிப்பகுதி, கதவுக் கீல்களின் உட்புறம், டிக்கி மூடியின் கீழ்விளிம்பு, முன் ஃபெண்டருக்கும் எஞ்சின் அறையின் பின்சுவரான ஃபயர்வாலுக்கும் இடைப்பட்ட சந்து ஆகிய இடங்களில் பழைய நிறம் எட்டிப் பார்க்கும். நடுவர்கள் கையில் சிறு டார்ச்சோடு முதலில் குனிவது அங்கேதான். நிறம் மாறியதற்காக அன்று, வேலையை முழுமையாக முடிக்காததற்காகப் புள்ளி குறையும். லீமான்ஸிலிருந்து மாற்றிய காரில் முன் பம்பரையும் பாருங்கள். ஜிடிஓவுக்கு உடலின் நிறத்திலேயே அமைந்த, ரப்பர் போன்ற எண்டுரா பம்பர். லீமான்ஸுக்குக் குரோம் பம்பர். எண்டுராவைப் பொருத்தும்போது ஃபெண்டரோடு சேரும் இடைவெளி இருபுறமும் ஒரே அளவில் அமைவது கடினம், அதன் மேல் பூசும் பெயின்ட்டும் இரும்பின் மேல் பூசியதிலிருந்து சற்றே வேறாகத் தெரியும். டிங்கர் வேலையில் பட்டி அதிகம் வைத்திருந்தால், ஸ்டிக்கர் பட்டை ஓடும் கோட்டின் மேல் பக்கவாட்டு வெளிச்சம் விழும்போது அலை தெரிந்துவிடும். பட்டைகளை ஒட்டுவதற்கு முன்பே இதைச் சரிபாருங்கள். ஒட்டிய பிறகு கண்டுபிடித்தால் செலவு இரட்டிப்பு.

செய்த வேலைகளை ஒரு கோப்பாகத் தொகுத்து வையுங்கள். வாங்கியபோது இருந்த நிலையின் படங்கள், பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸின் தாள், மாற்றிய பாகங்களின் பட்டியல் ஆகியவை போதும். இதில் டபிள்யூடி1 இல்லாத அந்தத் தாளை முதல் பக்கத்தில் வைப்பது நல்லது என்பது என் கருத்து. மறைக்க ஒன்றுமில்லாத சொந்தக்காரரிடம் நடுவர் காட்டும் முகமே வேறு.

காரைக் கொண்டுசெல்வதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். உள்ளரங்கக் கண்காட்சிகளில் தீயணைப்புத் துறையின் விதிப்படி பெட்ரோல் கால் டேங்குக்கு மேல் இருக்கக் கூடாது, டேங்க் மூடியைப் பூட்டவோ டேப் ஒட்டவோ வேண்டும், பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும் என்று பெரும்பாலும் கேட்பார்கள். தீயணைப்பான் ஒன்றைக் கட்டாயமாக்கும் கிளப்புகளும் உண்டு. காப்பீடு, காருக்கு முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்கு இருக்க வேண்டும். அந்த மதிப்பு நகலுக்குரியதா அசலுக்குரியதா என்பதையும் காப்பீட்டுப் பத்திரத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

கண்காட்சி நாளில் நடுவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே துடைப்பதை முடித்துவிடுங்கள். டயரில் எண்ணெய்ப் பளபளப்புத் திரவம் பூசுவது தேவையற்றது. அது சக்கர வளைவுக்குள் தெறித்துப் புள்ளியைத்தான் குறைக்கும். கண்ணாடியின் உட்புறம், கதவு ரப்பரின் மடிப்பு, சீட் பெல்ட் கொக்கி, ஆஷ்ட்ரே, டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் உள்ள தரை ஆகிய ஐந்தும் மறக்கப்படும் இடங்கள். விளக்குகள், ஹாரன், வைப்பர், கடிகாரம் எல்லாம் இயங்குகின்றனவா என்று முந்தைய நாளே பாருங்கள், ஏனெனில் சில கிளப்புகளில் இயக்கிக் காட்டச் சொல்வார்கள். நடுவர் வந்ததும் பானட்டைத் திறந்துவிட்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள். கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள். குறைகளை நீங்களாகவே சுட்டிக்காட்டி மன்னிப்புக் கேட்கும் பழக்கம் நம்மவர்களிடம் கொஞ்சம் அதிகம். ‘இதை இன்னும் சரி செய்யவில்லை சார்’ என்று சொன்னால், அவர் கவனிக்காமல் விட்டிருக்கக்கூடியதும் தாளில் ஏறிவிடும். இது நகல் என்ற உண்மையை மறைக்காமல் சொல்வது வேறு, ஒவ்வொரு கீறலையும் ஒப்புவிப்பது வேறு.

‘இது நிஜ ஜட்ஜா?’ என்று பார்வையாளர் கேட்பார்கள், நாள் முழுவதும் கேட்பார்கள். ‘இல்லை, 242இல் தொடங்கும் ஜிடிஓ, நாங்கள் ஜட்ஜாக மாற்றியது’ என்ற ஒரே வாக்கியத்தைச் சலிப்பில்லாமல் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கமாக நடக்கும் நடுவரின் காதிலும் அது விழும்.

பரிசளிப்பு முடிந்ததும் மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்காமல் புறப்பட வேண்டாம். தாளைத் தராத கண்காட்சிக்கு இரண்டாம் முறை போவதில் பயன் குறைவு. குறைத்த புள்ளிகளை உழைப்பின் அளவுப்படி பிரித்துக்கொள்ளுங்கள்: பெயின்ட்டில் போனவை குளிர்காலத்துக்கு, எஞ்சின் அறையில் போனவை ஒரு வார இறுதிக்கு. நடுவர் இன்னும் திடலில் இருந்தால், எது புரியவில்லையோ அதை அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு காரருகே வந்து காட்டுவார்கள். தாளில் ‘சக்கரம்: ட்ரிம் வளையம், 2 புள்ளி’ என்று இருந்தால், வீடு திரும்பும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தட்டையான பிளாஸ்டிக் நெம்புகோல் ஒன்றும் பத்து நிமிடமும் போதும். நான்கு வளையங்களையும் அங்கேயே கழற்றி, துணியில் சுற்றி, டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பலாம்.